ஒகேனக்கல்லுக்கு மேலே எந்த அணை வந்தாலும் எங்களையும் கேளுங்கள்: ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்: ஒகேனக்கல், ஊட்டமலை பரிசல் ஓட்டிகள் மற்றும் மீன்பிடித் தொழிலாளர்கள், பென்னாகரம் வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி.

பொருள்: காவிரியில் புனல்மின் அணைகளுக்கான சுற்றுச்சூழல் ஆய்விலும் மக்கள் கருத்துக்கேட்பிலும் எங்கள் பகுதியைச் சேர்க்கக் கோருவது.

ஐயா, வணக்கம்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டா, முதியோர் பென்ஷன் என்று மனு குவிந்து கிடக்கும்போது இவர்கள் அணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று நினைக்காதீர்கள். கர்நாடகத்தின் மேகதாது அணையைத் தடுக்கச் சொல்லியோ, தமிழகம் ராசிமணலில் அணை கட்டச் சொல்லியோ நாங்கள் வரவில்லை. அதற்கு அரசும் நீதிமன்றமும் இருக்கின்றன. யார் கட்டினாலும், அணைக்குக் கீழே இருக்கிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுமதி போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

மேகதாதுவில் 67.16 டிஎம்சி தேக்கி 400 மெகாவாட் மின்சாரம் எடுப்பது கர்நாடகத்தின் திட்டம். 2019-இல் அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழுவுக்கு வந்தபோது, இரண்டு மாநிலமும் பேசி ஒத்துப்போகட்டும் என்று குழு நிறுத்தி வைத்தது. நாளை அது நகரலாம், நம் பக்கத்துத் திட்டம் ஒன்று முன்னே வரலாம். எது வந்தாலும் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டியது திட்டம் அமையும் இடத்தில், அல்லது அதற்குப் பக்கத்தில். இரண்டு மாநிலத்தில் விரிந்த திட்டம் என்றால் இரண்டிலும். அணை ஒரு மாநிலத்தில், அதன் தண்ணீர் வந்து விழுவது இன்னொரு மாநிலத்தில் என்றால்? அந்த இடத்தில்தான் நாங்கள் விடுபடுகிறோம்.

தண்ணீர் எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கர்நாடகம் வருஷத்துக்கு விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25 டிஎம்சி, அதை மாத வாரியாக மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். மாதக் கணக்கு டெல்டாவுக்குச் சரி. எங்களுக்கு மணிக்கணக்குதான் முக்கியம். புனல்மின் நிலையத்தை மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், பெரும்பாலும் சாயங்காலம், ஓட்டுவார்கள். தேவை குறைந்ததும் நிறுத்துவார்கள். மாதம் முடிந்தால் கணக்கு நேராகிவிடும், ஆனால் ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கியிருக்கும்.

பரிசல் ஓட்டுகிறவனுக்கு வெள்ளம் வருவது முன்கூட்டியே தெரியும். முதலில் நிறம் மாறும், செம்மண் கலந்து காபி மாதிரி ஆகும், அப்புறம் நுரையும் சுள்ளியும் மிதந்து வரும், பாறை இடுக்கில் சத்தம் கனக்கும். அதைப் பார்த்ததும் மணல்திட்டில் இறங்கி மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற குடும்பத்தைக் கூவி அழைத்துப் பரிசலில் ஏற்றிக் கோத்திக்கல் துறைக்குத் திருப்பிவிடுவோம். அணைத் தண்ணீருக்கு இந்த அடையாளம் கிடையாது. வண்டலை எல்லாம் தேக்கத்திலேயே விட்டுவிட்டுத் தெளிவாக வரும், சத்தமில்லாமல் ஏறும். காலையில் அளந்த கனஅடியை வைத்துப் பரிசலுக்கு அனுமதி கொடுக்கிற உங்களுக்கும் அது சிக்கல்தானே? சாயங்காலத்துக் கனஅடி வேறாக இருக்குமே.

மனிதர் ஓடித் தப்பிக்கலாம். கோடையில் முதலையும் ஆமையும் மணலில் குழி தோண்டி முட்டை இடுகிற இடம் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். இரண்டு முறை தண்ணீர் ஏறினால் போதும், முட்டை போய்விடும். 2014-இல் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது இந்த உயிர்களையும் சேர்த்துத்தானே. இரண்டு மாவட்டமும் ஃப்ளோரைடு இல்லாத தண்ணீர் குடிப்பதும் இதே ஆற்றிலிருந்துதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில். ஆறு இப்படி ஏறி இறங்கினால் எடுக்கிற தண்ணீர் என்ன ஆகும் என்று ஆய்வறிக்கை சொல்லியாக வேண்டும்.

ஆய்வு என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில வருஷம் முன்பு ஒரு மே மாதம் நாலு பேர் காரில் வந்தார்கள். ஆற்றில் பாறைதான் தெரிந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார்கள். ஆரால், கெளுத்தி, வாளை என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர்களில் ஒருவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். எந்தத் திட்டத்துக்கு என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். மத்தியானம் சாப்பாடு முடித்துக் கிளம்பினவர்கள்தான், திரும்பி வரவே இல்லை.

ஆகவே, எங்கள் பகுதியையும் ஆய்வு எல்லைக்குள் கொண்டுவரச் சொல்லித் தமிழக அரசு வழியாக மத்திய அமைச்சகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும். மழைக்கு முன், மழையில், பனியில் என்று மூன்று பருவமும் இங்கே அளக்க வேண்டும். மின்நிலையம் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் விடும் என்பது அனுமதியின் நிபந்தனையாகவே இருக்க வேண்டும், தண்ணீர் திறக்கும் முன் துறைக்குச் சங்கு ஊத வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில், பென்னாகரம் தாலுகா ஆபீஸிலும் எங்கள் பஞ்சாயத்து ஆபீஸிலும் முப்பது நாளாவது வைக்கப்பட வேண்டும். கருத்துக்கேட்பு கிருஷ்ணகிரிப் பக்கம் அஞ்செட்டியிலும் இங்கே பென்னாகரத்திலும் நடக்க வேண்டும், பேசியதைக் கூட்டம் கலையும் முன் அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

தாங்களோ தங்கள் அதிகாரிகளோ ஒருநாள் சாயங்காலம் வந்தால், தண்ணீர் எங்கே ஏறும் என்று பரிசலில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒகேனக்கல், ஊட்டமலை பரிசல் ஓட்டிகள் மற்றும் மீன்பிடித் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)