அடுப்பு ஒண்ணு, பூட்டு நாலு

பள்ளத்தூர்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள உமையா,

ஆறு மாசமா ஒரு வரி எழுதலை. திட்டணும்னா திட்டிக்கோ, முழுசாப் படிச்சுட்டுத் திட்டு. அயித்தை நல்லா இருக்காக, முட்டி வலியைத் தவிர. இவுக பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் திருப்பூர்ல இருந்து வர்றாக. பாப்பாவுக்கு ஏழு மாசம். மூக்கு நம்ம சிகப்பியக்கா மூக்கேதான். சிரிக்காதே.

லீவு முடிஞ்சு காரைக்குடிக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு. போன வெள்ளிக்கிழமை நகைக்கடன் கவுண்டர்ல நிக்க இடமில்லை, முகூர்த்த மாசம். பதினோரு மணிக்குப் பால் கட்டிக்கிச்சு. மேனேஜர்கிட்ட பத்து நிமிஷம் கேட்டேன். "லைன் குறையட்டும்மா"ன்னார். லைன் எங்க குறையுது? ஒரு ஆச்சி காசுமாலையை எடை போடக் குடுத்தாக. தராசுல நம்பர் நிக்கிறதுக்குள்ள ரவிக்கை நனைஞ்சிருச்சு. ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒத்தைக் கையால சீட்டு எழுதுறேன். ஆச்சி ஒண்ணும் கேக்கலை. மஞ்சப்பையில இருந்து ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில தள்ளிவிட்டாக. "முதல்ல போயிட்டு வா ஆத்தா, என் மாலை எங்கயும் ஓடாது."

போறது எங்க? கக்கூஸுதான். பிழிஞ்ச பால் பேசின்ல ஓடுறப்பத்தான் அழுகை வந்துச்சு. அந்நேரம் வீட்ல அயித்தை பவுடர் பால் கலக்கிக்கிட்டு இருப்பாக.

அன்னைக்கு ராத்திரி சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1961 பேறுகாலச் சட்டத்துல இருந்து, இப்ப அதுக்குப் பதிலா வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும், பிள்ளைக்கு 15 மாசம் ஆகுறவரைக்கும் பாலூட்டத் தினம் ரெண்டு இடைவேளை தனியாக் குடுக்கணும்னு இருக்குடி! எங்க அம்மா பொறக்குறதுக்கு முந்தின விதி. 2017ல லீவை 26 வாரமாக்கினப்ப, 50 பேருக்குக் குறையாம வேலை பாக்குற இடத்துல காப்பகம் வேணும்னும் சேர்த்தாக. எங்க கிளையில வாட்ச்மேனோட சேர்த்து பன்னெண்டு பேர். சரி, காப்பகத்தை விடு. அந்த ரெண்டு இடைவேளைக்கு அம்பது பேர் கணக்கு இல்லையே? பள்ளத்தூர் வந்துட்டுத் திரும்பவா போறேன்? தாப்பாள் போட்ட ஒரு ரூமும் பம்ப் சொருக ஒரு பிளக் பாயிண்டும் போதும்.

அயித்தைகிட்ட சொன்னா, "எங்க மாமியா, ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதான் தொழில் பண்ண, போயிருந்தப்ப ஒத்தையா அஞ்சு பிள்ளை வளர்க்கலையா?"ங்கிறாக. ஒத்தையாவா? கல்யாணமான ஒவ்வொருத்தரையும் தனிச் சமையலா வேறு வச்சு, ஒரே வளவுல, முற்றத்தைச் சுத்தி, அஞ்சு அடுப்பு எரிஞ்ச வீடு இது. பிள்ளை அழுதா ஏதாவது ஒரு அடுப்படியில இருந்து ஒரு கை வந்திருக்கும். இப்ப நாலு பூட்டு தொங்குது. முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம்னாத்தான் சாவி வரும். அயித்தை முகப்புல இருந்து ரெண்டாங்கட்டுக்கு நடந்து பால் கலக்கிட்டு வர்றதுக்குள்ள பாப்பா அழுது ஓய்ஞ்சிர்றா.

வேலையை விட்டுரவான்னு இவுககிட்ட கேட்டேன். "உன் இஷ்டம்"னாக. இந்த "உன் இஷ்டம்" இருக்கே, அதுல அவுக பங்கு ஒண்ணுமே இல்லை, கவனிச்சியா? விட மனசில்லைடி. சம்பளம் ஏறுச்சுன்னு வர்ற மெசேஜை நான் ரெண்டு தடவை படிக்கிறவ.

நீ கோயமுத்தூர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தியே ஒரு மனு, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. நம்ம ஹாஸ்டல் மெஸ் மனு மாதிரி இருந்தா மட்டும் வேண்டாம், அதுக்கப்புறம் நமக்கு ரசமே கிடைக்கலை. திங்கக்கிழமைக்குள்ள வேண்டாம், புதன்கிழமை போதும். திங்கள் செவ்வாய் கூட்டத்துல மேனேஜர் எதையும் படிக்க மாட்டார்.

ஆச்சி துண்டைத் துவைச்சு மடிச்சு டிராயர்ல வச்சிருக்கேன். அடுத்த மாசம் வட்டி கட்ட வர்றப்பக் குடுக்கணும்.

பாப்பா முழிச்சுட்டா.

வள்ளி