மனநல வார்டில் நர்ஸை இரவில் தனியாக விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநல வார்டில் நர்ஸ் ஒருவர் தாக்கப்பட்டார் என்று செய்தி வந்தால் போதும், "தெரிந்துதானே அந்த வேலைக்குப் போனார்" என்பார்கள் சிலர், "மனநோயாளி என்றாலே ஆபத்துதான்" என்பார்கள் சிலர். அந்த வார்டில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே தவறு.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை, அடிப்பவர்களைவிட மற்றவர்களிடம் அடிபடுகிறவர்கள்தான் அவர்களில் அதிகம். ஆனால் வார்டுக்கு வரும்போது நோய் முற்றி, பல நேரம் விருப்பமே இல்லாமல், பயந்துபோய் வருகிறார்கள். யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் காதில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு, ஊசியோடு பக்கத்தில் போகும் நான் யாராகத் தெரிவேன்?

பெரும்பாலும் ஒருவர் தாக்குவதற்கு முன்பே அறிகுறி தெரிந்துவிடும். உட்கார முடியாமல் அங்குமிங்கும் நடப்பார், கை முஷ்டி இறுகும், குரல் உயரும். இப்படிப்பட்ட அறிகுறிகளைக் குறித்துவைக்க நார்வேயில் உருவான புரோசெட் பட்டியலில் மொத்தமே ஆறு விஷயங்கள்தான்: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாயால் மிரட்டுவது, அடிக்க வருவதுபோல் மிரட்டுவது, பொருள்களைத் தாக்குவது. ஒவ்வொரு ஷிப்டிலும் இதைக் குறித்து வந்தால், அடுத்த 24 மணி நேரத்தில் யாரிடம் கூடுதல் கவனம் தேவை என்று ஓரளவு கணிக்கலாம். சில மருந்துகளாலேயே உட்கார முடியாத தவிப்பு வரும், அதைக் கோபம் என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், அதனால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, கை எட்டாத தூரத்தில் சற்றுப் பக்கவாட்டாக நில்லுங்கள், கதவு உங்களுக்கு எட்டும்படி இருக்கட்டும், ஆனால் அவர் வெளியேறும் வழியையும் மறிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். அவர் நம்புவது பொய் என்று வாதாட வேண்டாம், "பயமாக இருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, இங்கே உட்காரலாமா" என்று கேட்டாலே பலர் இறங்கி வருவார்கள். தொங்கும் கம்மல் வேண்டாம், அடையாள அட்டைக் கயிறு இழுத்தால் கழன்று வருவதாக இருக்கட்டும். பிடித்து நிறுத்துவது கடைசி வழி, அப்போதும் குப்புறப் போட்டு முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு நின்று உயிரே போகலாம்.

சரி, இவ்வளவும் தெரிந்த நர்ஸ் இரவில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒற்றை ஆளாக இருந்தால் என்ன செய்வார்? அலாரம் பொத்தானை அழுத்தினால் ஓடி வர ஆள் வேண்டாமா? பயிற்சி பெற்ற நான்கைந்து பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்யப் போய்த்தான் நோயாளிக்கும் அடிபடுகிறது, எங்களுக்கும் அடிபடுகிறது.

அப்புறம் புகார். எழுதிக் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அவரைக் கோபப்படுத்தும்படி நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். அதனால் பலர் எழுதுவதே இல்லை. பதிவேட்டில் எதுவும் இல்லாததால் பிரச்சினையே இல்லை என்று கூடுதல் ஆளும் தருவதில்லை. இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சுகாதாரப் பணியிடங்களில் வன்முறையைத் தடுக்க உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2002-லேயே வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. திட்டுவதும் மிரட்டுவதும்கூட அதில் வன்முறைதான்.

அடிபட்ட நர்ஸை அதே ஷிப்டை முடித்துவிட்டுப் போகச் சொல்வதும் நிற்க வேண்டும். கடித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும், எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வேலையில் சேரும்போதே போட்டிருக்க வேண்டும்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி எழுதும்போது நோயாளியின் பெயரையும் படத்தையும் போடாமல், அந்த நேரத்தில் அந்த வார்டில் எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டு, அந்த எண்ணிக்கையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியர் ஒருவர்