மேடைக்கு வராத ஸ்பிங்க்ஸ்

அன்புள்ள மணி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கலாவுக்கு வளைகாப்பு என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நானும் சுசீலாவும் கட்டாயம் வருகிறோம். இங்கே மாடி வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது, பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி. அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரி, நாடக விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிப் பிள்ளைகளை வைத்து பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஈடிபஸ் போடப்போகிறாய் என்று படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. தீப்ஸ் நகரத்தில் விடுகதை போட்டு, பதில் தெரியாதவர்களைக் கொன்ற, பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட அந்த ஸ்பிங்க்ஸை முதல் காட்சியிலேயே மேடையேற்றலாமா, இறக்கையும் முகமூடியும் செய்ய ஆள் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மணி. தயவுசெய்து வேண்டாம்.

சோபோக்ளிஸுக்கு அது தெரியாத உத்தி இல்லை. கி.மு. 467இல் அவருக்கு மூத்த நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் இதே தீப்ஸ் நகரத்துக் கதையை மூன்று நாடகங்களாகப் போட்டு முதல் பரிசு வாங்கினார். அவற்றின் பின்னால் ஆடிய நையாண்டி நாடகத்துக்குப் பெயரே ‘ஸ்பிங்க்ஸ்’. அப்படியிருந்தும் சோபோக்ளிஸ் அவளை மேடைப் பக்கமே விடவில்லை. அவள் போட்ட விடுகதையைக்கூட நாடகத்தில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே குரல் உள்ள ஒன்று, நாலு காலிலும் நடக்கும், ரெண்டு காலிலும் நடக்கும், மூணு காலிலும் நடக்கும். கால் அதிகமாக இருக்கும்போதுதான் வேகம் குறைவு. இந்தக் கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். தவழும் குழந்தை கண்முன்னால் வந்துவிடுகிறது.

நாடகம் தொடங்கும்போது அவள் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே நடக்கிற ஒவ்வொரு கேட்டுக்கும் அவளே காரணமாக இருக்கிறாள். தனக்கு முன் ஆண்ட ராஜா லாயஸைக் கொன்றவர்களை அப்போதே ஏன் தேடவில்லை என்று ஈடிபஸ் கேட்கிறான். ஸ்பிங்க்ஸ் எங்களைக் காலடியில் கிடந்ததைப் பார்க்க வைத்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிட்டோம் என்கிறான் ராணியின் சகோதரன் கிரியோன். யோசித்துப் பார், ஊரே அவளுடைய விடுகதையில் மாட்டிக்கொண்டு தவித்ததால்தான் லாயஸின் கொலை விசாரணையே இல்லாமல் மூடிப்போனது. கொன்ற ஈடிபஸே வந்து விடுகதையை அவிழ்த்து, செத்தவன் தன் அப்பன், ராணி தன் தாய் என்று தெரியாமலே சிம்மாசனத்தையும் ராணியையும் பெற்றுக்கொண்டான். அப்புறம் அவன்மேல் குற்றச்சாட்டு வரும்போது, ஊர்ப் பெரியவர்களாக நின்று பாடும் கோரஸ் நம்ப மறுக்கிறது. இறக்கை முளைத்த அந்தக் கன்னியிடமிருந்து ஊரைக் காப்பாற்றியவன் ஆயிற்றே, அவனை எப்படிக் கெட்டவன் என்போம் என்று பாடுகிறது. அவளை ஜெயித்ததே அவனுக்குத் திரையாகிவிட்டது.

குருட்டுக் குறிசொல்லிக் கிழவர் டைரீசியஸ் வரும் காட்சியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படி. அந்த மிருகம் இங்கே இருந்தபோது நீ ஏன் வாய் திறக்கவில்லை, உன் பறவைச் சகுனம் எல்லாம் எங்கே போயிற்று, ஒன்றும் தெரியாத இந்த ஈடிபஸ்தானே வந்து மூளையால் அவளை அடக்கினேன் என்று கிழவரைக் குத்துகிறான். கிழவர் பதில் சொல்லச் சொல்ல, ஏன் எல்லாவற்றையும் புதிராகவே பேசுகிறாய் என்று எரிச்சல்படுகிறான். புதிர் அவிழ்ப்பதில் நீதானே கெட்டிக்காரன் என்கிறார் அவர். பிறகு போகிற போக்கில் சொல்கிறார்: அந்தக் கொலைகாரன் இங்கேதான் இருக்கிறான், இப்போது கண் தெரிகிறவன் குருடனாகி, கோலால் தடவித் தடவி அந்நிய மண்ணுக்குப் போவான், பெற்ற பிள்ளைகளுக்கே அண்ணனும் அப்பனும் ஆவான், தன்னைப் பெற்றவளுக்கு மகனும் புருஷனும் ஆவான்.

இதுவும் ஒரு விடுகதைதான் மணி! ஸ்பிங்க்ஸ் கேட்டபோது ஈடிபஸ் ‘மனிதன்’ என்றான், அது எல்லோருக்கும் பொதுவான பதில். இந்த இரண்டாவது விடுகதைக்கு விடை ஒரே ஒரு ஆள், அவனே. அவனால் அவிழ்க்க முடியவில்லை. பிறந்த மூன்றாம் நாளே கணுக்காலைத் துளைத்துக் காட்டில் போடக் கொடுக்கப்பட்ட பிள்ளை அவன். மூன்று சாலைகள் கூடுகிற இடத்தில் கையிலிருந்த கோலால் தகப்பனை அடித்துக் கொன்றான். கிழடு தட்டும் முன்பே கோலூன்றிப் போகப்போகிறவன். விடுகதை குழந்தை, வாலிபம், முதுமை என்று வரிசையாகப் போகிறது. அவன் வீட்டில் அந்த வரிசையே குலைந்துவிட்டது, அப்பன் தலைமுறையும் மகன் தலைமுறையும் ஒரே ஆளில் நிற்கின்றன. ஸ்பிங்க்ஸின் வேலையை டைரீசியஸ் கையில் எடுக்கிறார் என்று நான் அடித்துச் சொல்வேன். முதல் காட்சியில் இறக்கையோடு ஒருத்தி வந்து நின்றால் கூட்டம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், கிழவர் பேச்சு காதில் ஏறாது.

நம்ம வேதாளம் மாதிரியா, யட்சன் மாதிரியா என்று கேட்டாயே. யட்சன் கேள்விக்குத் தருமர் பதில் சொன்னதும் நாலு தம்பிகளும் எழுந்து உட்கார்ந்தார்கள். தீப்ஸில் யாரும் எழுந்திருக்கவில்லை. சரியான பதிலைக் கேட்டதும் அவள் கீழே விழுந்து செத்தாள், செத்த பிள்ளைகள் செத்தவர்களே. ஒரு கதைப்படி கிரியோனின் மகனும் அதில் உண்டு.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமானால் வாட்டிகன் அருங்காட்சியகத்தில் உள்ள மதுக்கிண்ணத்தைத் தேடு. கி.மு. 470 வாக்கில் ஏதென்ஸில் செய்தது. வழிப்போக்கன் தொப்பியோடு ஈடிபஸ் கால்மேல் கால் போட்டு, மோவாயில் கை வைத்து யோசிக்கிறான். எதிரே ஒரு சின்னத் தூணின்மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். விடுகதையின் எழுத்துக்களில் ‘மூன்று’ வருகிற துண்டு இன்னும் படிக்கக் கிடைக்கிறது. இருவரும் எவ்வளவு அமைதி தெரியுமா! ரத்தமும் இல்லை, நகக்கீறலும் இல்லை.

இன்னொன்று, இது உனக்காக மட்டும். பவுசானியஸ் என்ற பயணி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தீப்ஸ் பக்கம் கேட்டு எழுதிய ஒரு கதையில் ஸ்பிங்க்ஸ் லாயஸுக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகள். தீப்ஸை நிறுவிய காட்மஸுக்கு டெல்ஃபி கோயில் சொன்ன அருள்வாக்கை அவளிடம் மட்டும் லாயஸ் சொல்லி வைத்திருந்தான். அரசுரிமை கேட்டு வருகிற அண்ணன் தம்பிகளிடம் அதைக் கேட்பாள், தெரியாதவனுக்கு மரணம். அப்படியானால் அவள் ஈடிபஸின் அக்கா முறை. படித்த நாளிலிருந்து எனக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். பெரிய வேஷங்களுக்கு ஆள் பிடித்துவிட்டு, கிரியோனை யாராவது புதுப்பையன் தலையில் கட்டிவிடாதே. காலடியில் கிடந்ததைப் பார்த்தோம் என்கிற அந்த ஒரு வரியை நிறுத்திச் சொல்லத் தெரிந்தவனாகப் பார். ஒத்திகை எப்போது என்று எழுது, வளைகாப்புக்கு வரும்போதே ஒருநாள் கூடுதலாகத் தங்கி வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
ராமு