குளிரறை மொடியூலும் உங்கள் '02' பிழையும்: நட்டஈடு கோருதல்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். திருகோணமலை திருக்கடலூரில் மீன் குளிரறை வைத்திருக்கிறேன். குளிரறையின் வெப்பநிலையை அளந்து கொம்பியூட்டரில் காட்டவென்று உங்களிடம் வாங்கிய மொடியூல் பற்றி ஒன்பது தரம் போனிலும் ஒரு தரம் நேரிலும் சொல்லிக் களைத்துவிட்டேன். இனி எழுத்தில்தான்.

பொருத்திய நாளே உங்கள் செட்டிங் சொப்ட்வெயாரில் மேலே பச்சையில் 'கனெக்டட்', நடுவில் 0.0, கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் 'எக்செப்ஷன் 02, இல்லீகல் டேட்டா அட்ரஸ்'. இல்லீகல் என்றதும் என் மனைவி பொலிஸ் வருமோ என்று பயந்துவிட்டார். கையேட்டில் 02 க்கு நேரே 'தொடர்பாடல் பிழை' என்று மட்டும் இருக்கிறது.

"வயர் பிழை, மாத்துங்கோ" என்றார் உங்கள் ஆள். 40 மீற்றர் புது வயர் இழுத்தேன். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஏ, பி வயரை மாற்றிப் பிடிக்கச் சொன்னார். 'டைம் அவுட்' வந்தது. பழையபடி பிடித்தேன், மறுபடி 02. இதிலேயே உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டாமா? டைம் அவுட் என்றால் மொடியூலிடமிருந்து பதிலே இல்லை. 02 என்றால், 'நீ கேட்ட இலக்கம் என்னிடம் இல்லை' என்று அது பதில் தந்திருக்கிறது. வயர் பிழையென்றால் அந்தப் பதில் எப்படி வரும்?

இதை எனக்குச் சொன்னது உங்கள் எஞ்சினியர் இல்லை, படித்துக்கொண்டிருக்கும் என் மருமகன். வெப்பநிலையைக் கேட்கும் இலக்கம் கையேட்டில் 40001 என்று இருக்கிறது, அதைச் சொப்ட்வெயாரில் 0 என்று போடவேண்டுமாம். போட்டான், வெப்பநிலை வந்தது. பிறகு மொடியூலின் வயரைக் கழற்றிக் காட்டினான். அப்போதும் பச்சை 'கனெக்டட்'! அது கொம்பியூட்டரில் செருகிய யூஎஸ்பி கட்டைக்கான பச்சையாம்.

ஆனால் அதற்கு முன்பே மீன் போய்விட்டதே, ஐயா. இரவு கொம்பிரசர் நின்றுவிட்டது, திரையில் 0.0. ஐசில் வைத்த மீனுக்கு 0 பாகைதானே வேண்டும்? நம்பிப் படுத்தேன். 200 கிலோ சூரையும் பாரையும். அளக்க முடியாவிட்டால் கோடு போட்டுக் காட்டலாமே, 0.0 எதற்கு?

நம்பச் சொன்னதும் நீங்கள்தான். அதற்கு முதல் வாரம் 260 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் மொடியூலைச் சுமந்து கொழும்புக்கு வந்தேன். பின்னேரம் மூன்று மணிவரை இருத்திவிட்டு, உங்கள் கொம்பியூட்டரில் ஐந்து நிமிடம் செருகிப் பார்த்து, "பச்சை எரியுது, 02 ஐக் கணக்கெடுக்காதேங்கோ" என்று அனுப்பினீர்கள்.

ஐந்தாவது போனில் பேசிய தம்பி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச ஆரையாவது பக்கத்தில வச்சுக்கொண்டு எடுங்கோ." வாசித்தேன் தம்பி. அர்த்தம் தெரியாதிருந்தது உங்களுக்கு.

மீன், வயர், பஸ், ஓட்டோ, நான்கு நாள் தொழில், ஊரில் என் பெயர் எல்லாம் சேர்த்து ஆறு இலட்சம் ரூபா நட்டம். (பாரையில் கொஞ்சம் கருவாடாகித் தப்பியது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் மற்றப் பொருட்களில் எனக்குக் குறையில்லை. பேசித் தீர்க்கவே விருப்பம். நட்டஈட்டோடு, ஒவ்வொரு பிழை இலக்கத்துக்கும் தமிழில் விளக்கத்தாளும் தாருங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் பற்றுச்சீட்டு, திரைப் படங்களோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். போனில் அவர்களின் 1977 ஐ அழுத்த எனக்கு இங்கிலீஷ் தேவையில்லை.

பதில் சொல்ல எடுக்கும்போது தயவுசெய்து அந்தத் தம்பியைவிட்டு எடுப்பிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருக்கடலூர் வாடிக்கையாளர்