தீர்மானத்துக்குப் பதில் எழுதுங்கள்: நம் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பட்ஜெட் புத்தகம் வந்துவிட்டது. நடக்கத் தகுந்த நடைபாதை வேண்டும் என்று பகுதி சபையில், அதாவது வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், நாங்கள் தீர்மானம் போட்ட பஸ் ரூட் சாலைக்கு நடைபாதை வேலை இல்லை. ‘சாலை மேம்பாடு’ என்ற மொத்தத் தொகைக்குள் இன்னோர் அடுக்குத் தார் மட்டும் இருக்கிறது. சபை நடந்த சேதி உங்களுக்குத் தெரிந்ததுதான், முகநூலில் படமும் போட்டீர்கள். படத்தில் எல்லாரும் இருக்கிறோம், பட்ஜெட்டில்தான் காணோம்.

அந்தச் சாலையின் கதியைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய தாரை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டாமல் அதன் மேலேயே 40 மில்லிமீட்டர் போடுகிறார்கள். மூன்று தடவை போட்டால் 120. நடைபாதையின் உயரம் 150 என்றால் மிச்சம் 30தான். பைக்குகள் தாராளமாக ஏறி வருகின்றன. மேன்ஹோல் மூடி குழிக்குள் போய்விடுகிறது, மழைநீர் வடிகாலை விட்டுவிட்டு வாசலுக்கு வருகிறது. இதைச் சரிசெய்வதாகச் சொல்லி, அடுத்த ஒப்பந்ததாரர் நடைபாதையை ஓர் அடிக்கு மேல் தூக்கிக் கட்டுகிறார். பிறகு கார் நுழைவதற்காக வீட்டுக்கு வீடு கேட் முன்னால் அதை வெட்டி இறக்க வேண்டும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முழங்கால் வலிக்காரர் மூன்றாவது கேட்டிலேயே சாலைக்கு வந்துவிடுகிறார். நிறுத்தத்துக்குப் போகிற பாட்டி பஸ்ஸுக்கு முன்னால் நடப்பது இதனால்தான்.

நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103. நட்டநடுவில் மின்வாரியப் பெட்டி நின்றால் அந்த இடத்தை அகலக் கணக்கில் சேர்க்க முடியாது. சுரண்டிவிட்டுத்தான் தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலர் 2021-லேயே உத்தரவிட்டார். எஸ்டிமேட்டில் மில்லிங்குக்கு ஒரு வரி சேர்க்க இன்னும் யார் உத்தரவிட வேண்டும்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பகுதி சபையின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும், பட்ஜெட் மன்றத்துக்கு வருமுன் எழுத்தில் பதில் கொடுங்கள். ஏற்றிருந்தால் எந்தக் கணக்குத் தலைப்பில், எவ்வளவு தொகை? மறுத்திருந்தால் என்ன காரணம்?

வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022 ஜூனில் வந்தன. அந்த ஆண்டு உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று சபைகளும் கூடின. அந்தத் தேதி பொருத்தமானது. பொறியியல் பிரிவு பட்டியல் தயாரித்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிய பிறகு, பொங்கல் கழித்துக் கூட்டுகிற சபையின் தீர்மானம் கோப்புக்குத்தான் போகும். சபைக்கு உதவிப் பொறியாளர் வார்டு வரைபடத்தோடு வர வேண்டும். ‘நல்ல சாலை வேண்டும்’ என்று எழுதினால் எஸ்டிமேட் போட முடியாது. எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், எந்தப் பெட்டியை நகர்த்துவது என்பதெல்லாம் அங்கேயே பதிவேட்டில் ஏற வேண்டும். மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகையையும் அப்போதே சேர்த்துவிட்டால், வேலை பாதியில் நிற்காது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. புணேயில் 2006 முதல் குடிமக்கள் படிவத்தில் எழுதிக்கொடுக்கும் வேலைகள் மாநகராட்சி பட்ஜெட்டில் இடம்பெறுகின்றன. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் ஒதுக்குவதாகச் சென்னை 2014-ல் கொள்கையே வகுத்தது. (கொள்கை வகுப்பதில் நமக்கு என்றும் குறையில்லை.)

நிதி இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பூங்கா வாசலில் ‘ஐ லவ்’ என்று ஊர்ப்பெயரோடு இரவெல்லாம் மின்னும் எழுத்துகளை எந்தச் சபை கேட்டது? விளம்பரம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நிழற்குடை வைக்கிறீர்கள். பஸ் அதைத் தாண்டிப் போய் நிற்கிறது. ஊரே கூட்டமாக ஓடுகிறது. சரி, இதைப் பேசினால் மடல் முடியாது.

மறுபடியும் கேட்கிறோம். ஏற்றாலும் மறுத்தாலும் பதில் எழுத்தில் வேண்டும், பட்ஜெட்டுக்கு முன் வேண்டும். இந்த ஆண்டுத் தீர்மானங்களுக்கான பதில்களை 30 நாட்களுக்குள் வார்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி மண்டல அலுவலர்களுக்குச் சொல்ல வேண்டுகிறோம். பஸ் ரூட் சாலைக்கு இன்னும் ஒர்க் ஆர்டர் போகவில்லை என்றால், மில்லிங்கைச் சேர்த்து எஸ்டிமேட்டைத் திருத்தவும் அன்புகூர்ந்து உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
வார்டு குடியிருப்போர் நலச் சங்கத்தினர்