அம்மாவுக்கு, கசானிலிருந்து

கசான், ரஷ்யா
14.12.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மருத்துவம் படிக்கும் ஈரோட்டு அக்கா அவள் அண்ணன் கல்யாணம் முடிந்து புதன்கிழமை வந்து சேர்ந்தாள். பருப்புப் பொடி, வடகம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எல்லாம் பத்திரமாக வந்தன. எலுமிச்சை ஊறுகாய் மட்டும் லேசாகக் கசிந்து உன் கடிதத்தின் ஓரத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறது. அதைப் பார்மகாலஜி புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறேன். புத்தகத்தைத் திறந்தாலே நம் வீட்டு அடுப்படி வாசம்.

ஆகஸ்டிலிருந்து இங்கே வாட்ஸப்பில் பேச முடிவதில்லை. அதனால் ‘நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்’ என்று இரண்டு வார்த்தை தட்டிவிட்டுப் போவதே வழக்கமாகிவிட்டது. அது தப்புதான். ‘ஒரு நாள் பூரா என்ன செய்யறேன்னு எழுது, எத்தனை மணிக்கு எந்திரிக்கிறே, எப்ப சாப்பிடறே, அதுகூட எனக்குத் தெரியக்கூடாதா’ என்று நீ கேட்டிருந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. ஆறாம் வருஷம் படிக்கும் தூத்துக்குடி அண்ணன் 20-ம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார். பொங்கலுக்குள் உன் கையில் கிடைத்துவிடும்.

காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். இங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நான் கண் விழிக்கும்போது நீ அங்கன்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். ஆறு மணிக்கு முன்னால் போனால்தான் மாடி அடுப்படியில் அடுப்பு காலியாக இருக்கும். இந்த ஊரில் ரவை கிடைக்கிறது, மான்கா என்கிறார்கள், அதில் உப்புமா. சில நாள் கிரேச்கா என்று ஒரு தானியம், கஞ்சி மாதிரி பொங்கும். உடம்புக்கு ரொம்ப நல்லது, அதனால் இப்போது அதையே அதிகம் சாப்பிடுகிறேன். அரிசி குண்டாக, ஒட்டும் ரகம். கெட்டியாகக் குழைத்துக் கெஃபிர் என்கிற புளித்த பாலை ஊற்றிப் பிசைந்தால் தயிர்சாதம் போலவே வரும். மதியத்துக்கும் அதையே டப்பாவில் எடுத்துக்கொள்கிறேன். கான்டீன் சாப்பாடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஏழேகாலுக்குச் சிவப்பு பஸ். எட்டு மணிக்கு முதல் வகுப்பு. டிசம்பரில் சூரியன் வருவதே எட்டேகாலுக்குத்தான், மூணு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். கும்மிருட்டில் போய், வகுப்புக்குள் உட்கார்ந்திருக்கும்போதே விடிந்து, திரும்பி வரும்போது மறுபடி இருட்டு. மைனஸ் 20-க்குப் போகிற நாளில் மூக்குக்குள் இருக்கும் முடிகூட விறைத்துக்கொள்ளும். ஆனால் அறைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் குளிர் தெரியாது. துவைத்ததை அதன் மேல் போட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். போன வருஷத்து பூட்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம், அதை பாரா என்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு கட்டடம், சிலது ஊரின் அந்தக் கோடியில். உள்ளே போனதும் கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கி, வேறு செருப்புப் போட்டு, வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டவேண்டும். தொப்பி இல்லாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர்தான் ஒரு குழு. அதனால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது அம்மா. உட்கார்ந்ததும் முந்தின நாள் பாடத்தில் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்பார்கள். பதில் வரவில்லை என்றாலும், வகுப்புக்கே வரவில்லை என்றாலும் ஒத்ரபோத்கா. அதாவது சாயங்காலம் தனியாகப் போய் அந்தப் பாடத்தை ஒப்பித்து முடிக்கவேண்டும். கல்யாணத்துக்குப் போய்வந்த ஈரோட்டு அக்காவுக்கு இப்போது இரண்டு வாரப் பாடமும் அப்படித்தான் நிற்கிறது. ராத்திரி ஒரு மணிவரை அவள் அறையில் விளக்கு எரிகிறது. ஜனவரியில் பரீட்சைகள். அதற்கு முன்னால் இந்தக் கடன் அத்தனையும் தீர்ந்திருக்கவேண்டும், இல்லையென்றால் உட்காரவே விடமாட்டார்கள்.

பரீட்சையும் நம்மூர் மாதிரி இல்லை. மேஜையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்கவேண்டும். அதில் உள்ள கேள்விகளுக்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்லவேண்டும். முதல் வருஷம் நான் இதில்தான் தடுமாறினேன். பிளஸ் டூவில் பக்கம் பக்கமாக மனப்பாடம் பண்ணி எழுதியவள் நான். இங்கே முதல் எலும்பைக் கையில் கொடுத்து ‘இந்தக் குழி வழியாக எது போகிறது’ என்று கேட்டபோது, அந்தப் பக்கத்தின் படம் கண்முன் நின்றதே தவிர பதில் வரவில்லை. அன்றைக்கு ஹாஸ்டலுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, நீ எதிரில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அந்த எலும்பைத் தமிழில் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கே திக்கியதோ அங்கே எனக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் திறந்து பார்த்து, மறுபடி மூடி, மறுபடி உனக்குச் சொன்னேன்.

மூன்றாம் வருஷம் வந்தும் அப்படித்தான் படிக்கிறேன். மூன்றரைக்குத் திரும்பி, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்குவேன். ஐந்திலிருந்து ஒன்பதுவரை அடுத்த நாள் பாடம். சமையல் முடித்துப் பத்தரைக்கு மேல், திரும்பி வந்து நம்மூரில் டாக்டராகப் பதிய எழுதவேண்டிய பரீட்சைக்கான கேள்விகள் ஐம்பது. அதில் தப்பானவற்றை ஒரு நோட்டில் எழுதி ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பார்ப்பேன். பன்னிரண்டுக்குப் படுத்துவிடுவேன். முழு ராத்திரி விழித்துப் படிப்பதை விட்டுவிட்டேன், மறுநாள் வகுப்பில் பாதி காதில் ஏறாது. பழைய பாடத்தை மூன்றாம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசியில் என்று உன்னிடம் ஒருமுறை சொல்லிவிடுவேன். இதையெல்லாம் தம்பியிடம் வாசித்துக் காட்டு. அவன் கலர் கலராகக் கோடு போடுவதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஹாஸ்டல் வாசலில் உட்காரும் பாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்படியேதான் இருக்கிறார். பதினொரு மணிக்கு மேல் கதவைத் திறக்கமாட்டார். தொப்பி இல்லாமல் வெளியே கால் வைத்தால் பின்னாலேயே வந்து திட்டுவார். போன மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்த்தேன், குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்று கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். நம் ராணி அத்தையை ரஷ்யாவில் பிறக்க வைத்தது போல ஒரு ஆள். பிப்ரவரி வந்தால் அவர் மேஜை முழுக்கத் தயிர் டப்பாக்களில் தக்காளி நாற்று நிற்கும். உன் கடலைமிட்டாயில் இரண்டு கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, ‘இது கொசினாக்கி, எங்கள் பண்டம்’ என்று சாதித்தார். இங்கே சூரியகாந்தி விதையில் அதே மாதிரி செய்வார்களாம். மறுநாள் எனக்கு ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ், அவரே பின்னியது. இதை எழுதும்போதும் காலில் அதுதான்.

இந்த வருஷத்திலிருந்து ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். முதலில் கற்றுக்கொடுப்பது பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. தட்டுவது என்றால் இடது கை நடுவிரலை நெஞ்சில் பதித்து, வலது கை விரலால் அதன் மேல் தட்டிச் சத்தம் கேட்பது. நீ சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாயே, அதேதான். காற்று இருக்கும் நுரையீரல் கணீரென்று ஒலிக்கும், ஈரல் இருக்கும் இடம் மொத்தென்று கேட்கும், நீர் கோத்திருந்தால் அங்கேயும் மொத்துத்தான். 1761-ல் அவுன்புரூக்கர் என்ற டாக்டர் இதை எழுதி வைத்தார். விடுதிக்காரர் மகன், பீப்பாயைத் தட்டிச் சரக்கு எதுவரை இருக்கிறது என்று பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர் என்று வகுப்பில் சொன்னார்கள். நாம் மூச்சு விடுவதை மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தின் எந்த இடம் நடத்துகிறது என்று 1885-ல் மிஸ்லாவ்ஸ்கி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இதே கசானில் என்பதும் எனக்குப் பெருமையாக இருந்தது. ராத்திரியில் நானும் அறைத்தோழியும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிப் பழகுகிறோம். விரல் முனை கன்றிப்போய்விட்டது.

நான் முதலில் தொட்டுப் பார்த்த நோயாளி தாத்தார் இனத்தைச் சேர்ந்த ஒரு பாட்டி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மனப்பாடம் செய்துவைத்த ரஷ்ய வாக்கியங்களை வரிசையாகக் கேட்டேன், எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று. பிறகு வயிற்றில் கை வைக்கப் போனேன். என் கை பனிக்கட்டி மாதிரி இருந்திருக்கிறது. அந்தப் பாட்டி ‘கிஸிம்’ என்று சொல்லி, என் இரண்டு கையையும் தன் கைகளுக்குள் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்துவிட்டார். கிஸிம் என்றால் அவர்கள் பாஷையில் மகளே என்று அர்த்தம். அவ்வளவுதான் அம்மா. ஆசிரியை பக்கத்தில் நிற்கிறார், பதினோரு பேர் பார்க்கிறார்கள், எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இரண்டேகால் வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் படிக்க உட்கார்ந்து உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாடம் வரவில்லை, அம்மா அம்மா என்றுதான் வந்தது. இப்போது சரியாகிவிட்டேன். நீ இதை நினைத்துத் தூங்காமல் இருக்காதே.

சரி, இப்போது முக்கியமான விஷயம். உன் கடிதத்தின் கடைசியில், அப்பாவுக்குத் தீபாவளியிலிருந்து இருமல் விடவில்லை, தீப்பெட்டி ஆபீஸ் தூசிதான் காரணம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். தீபாவளி அக்டோபர் 20. எட்டு வாரம் ஆகிறது அம்மா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். கடிதம் படித்த அன்றே தம்பிக்கு மெசேஜ் போட்டேன். அப்பா சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார் என்று பதில் வந்தது. நீ சொன்னால்தான் கேட்பார், அதனால் உனக்கு விளக்கமாக எழுதுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. எச்சில் வேண்டாம், காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி வரும் சளிதான் வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்து நாளைக் கடத்த வேண்டாம். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, ராத்திரி வேர்க்கிறதா, சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா என்று நீயே பார். காசநோயாகவே இருந்தாலும் மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். வெறும் தூசியாகக்கூட இருக்கலாம், எனக்கும் அதுதான் ஆசை. அதற்காகப் பார்க்காமல் இருக்கக்கூடாது. ராத்திரி படிக்கும்போது அப்பா முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே கை போகிறது.

தம்பியும் இங்கே வருகிறேன் என்கிறானாம், ஏஜென்ட் வீட்டுக்கு வந்து முன்பணம் கேட்டாராம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அவன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன், அவனுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நான் கான்வென்டில் படித்ததால் எனக்கு அது கிடையாது. மே மாதம் நீட்டை முழு மனசோடு எழுதட்டும். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் 300 கேள்வியில் 150 சரியாகப் போட்டால்தான் டாக்டராகப் பதிய முடியும், அப்புறம் ஊரில் ஒரு வருஷப் பயிற்சி. அவனுக்கு இங்கேதான் என்று அமைந்தால், படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்கிறதா, முழுக்க ஆங்கிலத்திலா, 12 மாதப் பயிற்சியும் அதே கல்லூரியிலா என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.

போன மாதம் பணம் வந்து சேரத் தாமதமானதற்கு அப்பா வருத்தப்பட வேண்டாம். நம் கார்டு எதுவும் இங்கே செல்லாது, யார் மூலமாவது சுற்றித்தான் வருகிறது. நான் சமாளித்துக்கொண்டேன். உன் செயின் மீது வாங்கிய கடனுக்கு மார்ச்சோடு வருஷம் முடிகிறது. வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிடு, ஏலத்துக்கு விட்டுவிடாதே. அதற்காகப் பெரியப்பாவிடம் போய்க் கரிசல் நிலத்துப் பங்கைப் பேச வேண்டாம். அடுத்த ஃபீஸ் தவணைக்கு ஜூன்வரை நேரம் இருக்கிறது.

பாட்டி பிரஷர் மாத்திரையைத் தலைசுற்றல் வந்தால்தான் போடுகிறார் என்று தம்பி சொன்னான். தினமும் போடவேண்டும், நீயே கையில் எடுத்துக் கொடு. கனகா அக்கா வளைகாப்புக்கு என் பெயரில் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிப் போடு.

அப்பா சளி கொடுத்த அன்றைக்கே எனக்குத் தெரியவேண்டும். இதற்கு மட்டும் பதில் கடிதம் வேண்டாம். ரிப்போர்ட்டையும் எக்ஸ்ரேயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.

உன் அன்பு மகள்