காசு கொடுத்து வாங்கிய கேமை ஆடவிடாமல் பூட்டியது குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சர்வரை மூடியதால் பயனற்றுப்போன கேமுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தப் புகாருக்கு உங்கள் அலுவலகம் இதுவரை கொடுத்த எண்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் 'தீர்வு காணப்பட்டது' என்று குறித்து நீங்களே முடித்துவிட்டீர்கள். என்ன தீர்வு என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை. போனில் கேட்டால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் சாட்டுக்கு வரச் சொல்கிறார்கள். சாட்டில் ஓர் இயந்திரம் என் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, கன்சோலை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்கிறது. அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதைத் தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

விஷயம் உங்கள் கார்ப் பந்தய கேம். சென்ற மாதம் அதன் சர்வரை மூடினீர்கள். அன்று முதல் டிஸ்க்கைப் போட்டால் 'சர்வருடன் இணைக்க இயலவில்லை' என்று ஒரு வரி, அதன் கீழே 'மீண்டும் முயல்க' என்று ஒரு பட்டன். அழுத்தினால் மறுபடியும் அதே வரி. நான் உலகத்தோடு போட்டி போட்டு ஆடுகிறவன் அல்ல. கேரியர் பகுதியில், உங்கள் கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களோடு தனியாக ஆடுகிறவன். அதற்கு எதற்கய்யா சர்வர்? பனிமலை மண்டலத்தின் கடைசிச் சுற்றில், சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு வருமே, என் நீல நிற வண்டி அங்கேதான் நிற்கிறது. அதைத் தாண்டினால்தான் கடற்கரை மண்டலம் திறக்கும், உங்களுக்குத் தெரியாததா?

வேலை முடிந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அரை மணி நேரம் ஆடுவேன். அதிலும் பல இரவுகள் அப்டேட் இறங்குவதிலேயே போய்விடும். முழுநேரமும் ஆடுகிறவர் கொடுத்த அதே 3,499 ரூபாயைத்தான் நானும் கொடுத்தேன்.

இதைப் போனில் சொன்னபோது உங்கள் அலுவலர் ஒருவர் கொடுத்த பதிலை இன்றுவரை மறக்க முடியவில்லை. "ஆடுகிற பையனிடம் போனைக் கொடுங்கள் சார்" என்றார். ஆடுவது நான்தான் என்றேன். சிரித்தார். வாயை மூடிக்கொண்டு சிரித்தாலும் காதில் கேட்கும் என்பதை யாராவது அவருக்குச் சொல்லுங்கள். பிறகு என் கணக்கைத் திறந்து பார்த்து, "மொத்தமாக நிறைய மணி நேரம் ஆடியிருக்கிறீர்களே, கொடுத்த காசுக்கு ஆடியாகிவிட்டது" என்றார். காசுக்கு எவ்வளவு ஆட வேண்டும் என்று தீர்மானிக்க இவர் யார்? மெதுவாகச் சாப்பிடுகிறான் என்பதற்காக ரசம் வருவதற்குள் யாராவது இலையை எடுப்பார்களா? மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றதும் இசையைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை.

தாங்கள் நேர்மையானவராக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்து, வாங்கிய கடையில்தான் பணம் கேட்க வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கடை இருப்பது சென்னை ரிச்சி தெருவில், நான் இருப்பது திருச்சியில். இரவு பஸ் பிடித்து, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நின்றுகொண்டே அண்ணா சாலை வந்து, கடை திறக்கும்வரை ஷட்டர் முன்னால் காத்திருந்தேன். கடைக்காரர் டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல் கூட இல்லை சார், புதுசு மாதிரி வைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினார். கம்பெனி பூட்டியதற்கு நான் எப்படிப் பணம் தருவது என்று அவர் கேட்டதில் என்ன தவறு? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். உங்கள் மொத்த நிறுவனத்திலிருந்தும் எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. மூடப்போவதாக அறிவிப்பதற்கு முந்தைய வாரம்வரை, கேமுக்குள் நாணயம் வாங்கத் தள்ளுபடி கொடுத்தீர்கள். 'இன்னும் சில மணி நேரமே' என்று திரையில் கடிகாரம் ஓடியது. நாணயம் ஐந்நூறு ஐந்நூறாகத்தான் கிடைக்கும், அந்த மஞ்சள் வண்டியின் விலையோ அறுநூறு. இரண்டு கட்டு வாங்கி, மீதி நானூறு இன்னும் என் கணக்கில் கிடக்கிறது, அதாவது கணக்கு இருந்தபோது கிடந்தது. இப்படிப் போலி அவசரம் காட்டி விற்பதையும் சேர்த்துத்தான், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 'டார்க் பேட்டர்ன்', அதாவது வாங்குபவரை ஏமாற்றும் திரைத் தந்திரம், என்று தடை செய்திருக்கின்றன. டிஸ்க் வந்த அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் 'இணைய இணைப்பு தேவை' என்று போட்டிருப்பதை அந்தச் சிரித்த அலுவலர் சுட்டிக்காட்டினார். எத்தனை நாளைக்கு என்று எங்கே போட்டிருக்கிறது?

வேறு வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். 2014-ல் வெளியான 'தி க்ரூ' கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடியது. அதிலிருந்துதான், விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அதே நிறுவனம் பிறகு 'தி க்ரூ 2'-க்கு இணையம் இல்லாமலும் ஆடும் வசதியைக் கொடுத்தது. சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'கன்கார்ட்' கேமை இரண்டே வாரத்தில் நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?

உங்களால் என் தூக்கம் போயிற்று, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, அந்தக் கன்சோலைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஆகவே கேமின் விலை, நாணயத்துக்குக் கொடுத்த தொகை, கன்சோலின் விலை, சென்னை போய்வந்த செலவு, மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என எல்லாவற்றையும் கோருகிறேன். தனியாக ஆடும் பகுதியை மட்டும் இணையம் இல்லாமல் ஓடும்படி ஓர் அப்டேட் கொடுத்தால், ஐந்து லட்சத்தைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

நாணயத்தை இணையத்தில் விற்றவர் நீங்களே. 2020-ன் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பதைத் தயவுடன் நினைவூட்டுகிறேன். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைப்பேன். அதோடு நிற்காமல் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். உங்கள் வக்கீல்தான் இங்கே வர வேண்டும். இரவு பஸ் நிறைய இருக்கிறது.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
தங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்,
திருச்சி.

இணைப்பு: கடை ரசீது நகல், நாணயம் வாங்கிய வங்கிக் குறுஞ்செய்திகள், திரையின் புகைப்படம், பஸ் டிக்கெட்டுகள்.

பி.கு.: பதில் எழுத்தில் வரட்டும். போனில்தான் பேசுவீர்கள் என்றால், சிரிக்காத ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.